நான் வரைந்த அம்புக்குறி

11 மார்ச் 1986, செவ்வாய்

இன்று ஒரு சிறிய தவறைக் கண்டுபிடித்தேன். தவறு என்னுடையது. செய்தது டிசம்பரில், தெரிந்தது இன்று மாலை நான்கு மணிக்கு.

சென்னை மோட்டார் சங்கத்திலிருந்து நம் பந்தயத் தளத்துக்கு அனுமதிச் சான்றிதழ் தபாலில் வந்தது. கூடவே தளத்தின் வரைபடம் ஒரு பிரதி. நான் மையில் வரைந்து அனுப்பிய அதே படம். கோப்பில் சேர்க்கும்போது ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று, சர்வேயர் பென்சிலில் போட்டுக் கையெழுத்திட்ட மூலப்படத்தைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்தேன். அளவு சரி. வடக்குக் குறி சரி. ஏழு வளைவுகளும் சரி. என் படத்தில் நேர்பாதைக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி இருக்கிறது. மூலத்தில் இல்லை.

அம்பைப் போட்டது நான்தான். நினைவுக்கு வந்துவிட்டது.

தளம் என்று நான் சொல்வது சிங்காரவேலு ஐயா போட்டது. கரிக்கலாம்பாக்கத்துக்கும் ஏம்பலத்துக்கும் நடுவில் அவருக்குப் பன்னிரண்டு காணி உப்பு பூத்த நிலம் உண்டு. கரும்பு வைத்தார், வரவில்லை. சவுக்கு வைத்தார், அதுவும் வரவில்லை. பிறகு சென்னைப் பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள் பந்தயம் பார்த்துவிட்டு வந்து தார் போட்டுவிட்டார். ஒன்றேகால் கிலோமீட்டர் சுற்று, இருபத்து நான்கு அடி அகலம். எந்த ஊருக்கும் போகாத ரோடு. பகலில் நான் அங்கே எழுத்தர். மாலையில் வில்லியனூரில் வரைபட வகுப்புக்குப் போகிறேன்.

வகுப்பில், படத்தில் காரணமில்லாமல் வெற்றிடம் விடக்கூடாது என்பார்கள். நேர்பாதைக்குப் பக்கத்தில் வெற்றிடம் இருந்தது. வண்டி போகும் திசையைக் காட்டினால் நன்றாயிருக்கும் என்று நினைத்தேன். எந்தத் திசை என்று அரை நிமிடம் யோசித்தேன். ஏம்பலத்தில் எங்கள் களத்தில் கதிர் மிதிக்கத் தாம்பு ஓட்டும் மாடுகள் இடப்பக்கமாகத்தான் சுற்றும். அப்படியே போட்டேன்.

பெயிண்டர் அதைப் பார்த்து வாசல் பலகையில் அம்பு எழுதினார். ஜனவரியிலிருந்து ஓட்டிப் பார்க்க வருகிறவர்கள் பலகையைப் பார்த்து இடமாகவே சுற்றுகிறார்கள். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

யோசித்ததில், எப்படிச் சுற்றினாலும் ரோடு ஒன்றுதான். யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை என்று முடிவு செய்தேன். முடிவு சரிதானா என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம். ஐம்பது சிசி, புதியவர்களுக்கானது, பன்னிரண்டு சுற்று. முதல் நான்கு பேருக்குச் சங்கம் போட்டி உரிமம் தரும். அது இருந்தால்தான் சென்னையில் ஓட்டலாம். ஷரீப்புக்கு அது வேண்டும். அவன் வில்லியனூரில் அரிசி மண்டி வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை. செவ்வாயும் வெள்ளியும் என்னோடு வகுப்பில் உட்காருவான், மற்ற நாட்களில் வண்டியைப் பிரித்துப் போட்டிருப்பான். நான்குக்குள் வந்தால் ஓட்டிக்கொள்ளலாம், வராவிட்டால் காரைக்காலில் மாமாவின் ஹார்டுவேர் கடைக்குப் போக வேண்டும் என்று அவன் அம்மா ஜொஹரா பீவி சொல்லிவிட்டார். அவனும் சரி என்று ஒப்புக்கொண்டிருக்கிறான். இதுவரை வந்தவர்களில் அவன்தான் வேகம். ஒரு சுற்று ஒரு நிமிடம் இருபத்திரண்டு வினாடி. நானே மூன்று முறை சரிபார்த்தேன்.

12 மார்ச், புதன்

நேற்று முடிவு செய்தது தவறு.

காலை எட்டரைக்கு ஒன்பது பெண்கள் வந்து மூன்றாம் வளைவில் தாரின் மேல் உட்கார்ந்துவிட்டார்கள். முன்னால் விருத்தாம்பாள். கரிக்கலாம்பாக்கத்தில் சொந்தமாக இரண்டு காணி பயிர் வைக்கிறவர். குரல் நல்ல குரல். தளத்துக்கு உள்ளே எல்லையம்மன் கோயில் ஒன்று இருக்கிறது. செங்கல் கட்டடம், ஆள் உயரம். தார் போடும்போது அதை நகர்த்த முடியாததால் ரோடு அதைச் சுற்றிப் போகிறது. நேற்று அங்கே திருவிழாவுக்குக் காப்பு கட்டியிருக்கிறார்கள்.

ஐயா ஜீப்பிலிருந்து இறங்குவதற்குள் விருத்தாம்பாள் தொடங்கிவிட்டார்.

"இன்னா ஐயா இது? நேத்துதான் காப்பு கட்டிக்கீது. இந்தப் பையன் இன்னாடான்னா காலைல வந்து அம்மாவ இடமா சுத்திக்கினு கெடக்கறான். பதினாலு சுத்து. ஒக்காந்து எண்ணினேன்."

"அது கோயில சுத்தறது இல்லம்மா. ரோட்ட சுத்தறது."

"ரோட்டுக்கு நடுவுல இன்னா கீது?"

ஐயா திரும்பிப் பார்த்தார். "கோயிலு."

"அப்புறம்?"

ஐயா வேறு பக்கமாக வந்தார். "ரெண்டு மாசமா ஓட்டறானுங்க. அப்பல்லாம் நீ எங்க போனே?"

"அப்ப காப்பு கட்டல. கொள்ளி வெக்கறப்போதான் இடமா சுத்துவாங்க. அம்மா கண்ணத் தொறந்துகினு கீற நேரத்துல பத்துப் பேரு சேந்து இடமா சுத்தி, ஊருல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா யாரு பொறுப்பு? நீ ஏத்துக்கிறியா?"

"நான் இன்னாம்மா பண்றது? பிளான்ல அம்பு அப்படித்தான் கீது. மெட்ராஸ்காரன் போட்டது. படிச்சவன்."

நான் ஐயாவுக்கு இரண்டடி பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். கையில் வருகைப் பதிவேடு இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பதினான்கு சுற்றும் ஓட்டிய ஷரீப் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தான். "யக்கா, நான் ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. எங்களுக்கு மக்காவுல இடமாத்தான் சுத்தறாங்க. அது நல்லதுக்குத்தான்."

விருத்தாம்பாள் கொஞ்சம் யோசித்தார். "அங்க போனா அங்க மாதிரி சுத்துப்பா. நான் வேணாம்னா சொல்றேன்? இது எங்க அம்மா."

"அதுவும் சரிதான்" என்று ஷரீப் ஒப்புக்கொண்டுவிட்டான்.

"வலமா ஓட்டுங்களேன், யாரு வேணாம்னா. நாங்களே வந்து கைதட்டறோம்" என்றார் விருத்தாம்பாள். மற்ற எட்டுப் பேரும் தலையாட்டினார்கள்.

பத்து மணிக்கு ஐயா முடிவு சொன்னார். ஞாயிறு பந்தயம் வலமாக. பெண்கள் எழுந்து போனார்கள். தார் சுட ஆரம்பித்திருந்தது. இல்லாவிட்டால் இன்னும் கொஞ்ச நேரம் பேசியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

எனக்கு வந்த வேலை: வளைவுக்கு முன்னால் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று காட்டும் பலகைகளைப் பிடுங்கி எதிர்ப்பக்கம் நட வேண்டும். ஏழு வளைவு, வளைவுக்கு மூன்று, ஆக இருபத்தொன்று. இன்று ஆறு நட்டேன். அதில் இரண்டு நேராக இல்லை.

13 மார்ச், வியாழன்

ஷரீப் காலையில் வலமாக ஓட்டிப் பார்த்தான். நான்காவது சுற்றில் விழுந்தான்.

காரணம் எளிது. இடமாகப் போகும்போது ஐந்து வளைவுகள் இடப்பக்கம், இரண்டு வலப்பக்கம். திருப்பினால் ஐந்து வலப்பக்கம். அவன் வண்டியின் சைலன்சர் வலப்பக்கம், தாழ்வாக ஓடுகிறது. வலப்பக்கம் சாய்ந்தால் அது தரையில் உரசி, பின்சக்கரத்தைத் தூக்கிவிடுகிறது. மற்றவர்களில் பாதிப் பேர் வண்டியில் சைலன்சர் உயரத்தில் இருக்கிறது. மீதிப் பேர் சாய்கிற அளவுக்கு வேகமாகப் போவதில்லை. ஆகவே இந்த மாற்றத்தால் முழு நஷ்டம் அவன் ஒருவனுக்குத்தான்.

பம்புசெட் தொட்டியில் முழங்கையிலிருந்து ஜல்லியைக் கழுவிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அந்த அம்ப நான்தான் போட்டேன்."

"எந்த அம்பு?"

"பிளான்ல. மெட்ராஸ்காரன் போடல. சர்வேயரும் போடல. எடம் காலியா இருந்துச்சி, போட்டேன்."

அவன் தண்ணீரிலிருந்து கையை எடுக்கவில்லை. "இடமான்னு எப்பிடி முடிவு பண்ணே?"

"எங்க களத்துல மாடு அப்பிடித்தான் சுத்தும்."

"மாடு."

"ஆமா."

"ரெண்டு மாசமா உங்கூட்டு மாட்டுப் பின்னாடியாடா சுத்திக்கினு இருந்தேன்?"

என் முகத்தைப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான், முழங்கை எரிந்ததால் நிறுத்திவிட்டான்.

"யாரு கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. இனிமே சொல்லி இன்னா ஆவப்போவுது? காரைக்கால்ல ஆணி நிறுக்கறதுக்கு ஒரு ஆளு வேணுமாம், மாமா லெட்டர் போட்டுகீறாரு. எனக்கு இன்னும் மூணு நாளு கீது. வா, போர்டு நடலாம்."

இருவரும் மாலை ஐந்துக்குள் பதினைந்து பலகைகள் நட்டோம். நேற்று கோணலாக இருந்த இரண்டையும் சரிசெய்தேன். மொத்தம் இருபத்தொன்று. இரண்டு முறை எண்ணினேன். வகுப்புக்குப் போகவில்லை.

14 மார்ச், வெள்ளி

ஜும்மா தொழுகை முடிந்து வந்ததும் ஷரீப் வண்டியை வில்லியனூர் வெல்டிங் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தான். சைலன்சரை அறுத்து, வளைத்து, சீட்டுக்குப் பக்கத்தில் மேலே ஏறிப் போகும்படி பற்றவைத்தார்கள். அளவு எடுத்துப் படம் வரைந்து கொடுத்தது நான். எந்த அம்பும் போடவில்லை.

இப்போது வலப்பக்கம் எவ்வளவு சாய்ந்தாலும் உரசாது. ஆனால் குழாய் அவனுடைய வலது தொடைக்கு இரண்டு விரல் தள்ளி ஓடுகிறது. தளத்தில் ஐந்து சுற்று ஓட்டிவிட்டு இறங்கியபோது பேண்ட் கருகியிருந்தது. இரண்டு விரல் போதாது என்று படம் போடும்போதே எனக்குத் தோன்றியது. பட்டறைக்காரர் போதும் என்றார். நான் வற்புறுத்தவில்லை.

மண்டியிலிருந்து ஒரு கோணிப்பையைக் கொண்டு வந்து, நான்காக மடித்து, தண்ணீரில் நனைத்து, குழாய்க்கும் தொடைக்கும் நடுவில் கம்பியால் கட்டினோம். எட்டு சுற்று வரைக்கும் ஈரம் இருக்கிறது. பந்தயம் பன்னிரண்டு சுற்று.

மற்றொரு கஷ்டம். மூன்றாம் வளைவில், கோயிலுக்குப் பக்கத்தில், ஒரு பனைமரம் நிற்கிறது. முன்பு வளைவை விட்டு வெளியே வரும்போது அந்த மரத்தடியில் ஆக்ஸிலேட்டரை முறுக்குவான். இப்போது அதே மரத்தடியில் விட வேண்டும். "தலைக்குத் தெரியுது, கைக்குத் தெரியல" என்றான்.

15 மார்ச், சனி

சென்னையிலிருந்து பந்தய அதிகாரி வந்தார். பெயர் சூசைநாதன். ஒல்லியானவர், வெள்ளைத் தொப்பி, கையில் ஒரு விதிப்புத்தகம். வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஷரீப்பின் கோணிப்பைக்கு வந்தபோது புத்தகத்தை எடுத்து நெடுநேரம் புரட்டினார்.

"கோணியைப் பத்தி இதுல ஒண்ணும் சொல்லல" என்றார். "அதனால இருக்கலாம்."

பிறகு தளத்தைச் சுற்றி நடந்தார். நடந்து வந்து, வாசலில் அழித்து எழுதிய அம்பைப் பார்த்தார். தன் பையிலிருந்து சான்றிதழின் பிரதியையும் படத்தையும் எடுத்தார்.

"இதுல இடம்னு இருக்கு. இங்க வலம்னு இருக்கு."

ஐயா காரணம் சொன்னார். காப்பு கட்டியது, பெண்கள் உட்கார்ந்தது எல்லாம். சூசைநாதன் பொறுமையாகக் கேட்டார்.

"தாராளமா வலமா ஓட்டுங்க. அது உங்க தளம். ஆனா சான்றிதழ் பிளான்ல இருக்கிற மாதிரி ஓட்டினாத்தான் செல்லும். மாத்தி ஓட்டினா ரிசல்ட்டை நான் அனுப்ப முடியாது. யாருக்கும் லைசென்ஸ் வராது."

பதினொரு பேர் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். விருத்தாம்பாள் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஐயா அவரைப் பார்த்தார். விருத்தாம்பாள் புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார், மறுபடியும் உட்காரப் போகிறவர் மாதிரி. ஷரீப் யாரையும் பார்க்கவில்லை. கோணிப்பைக் கம்பியை இறுக்கிக்கொண்டிருந்தான். அது ஏற்கெனவே இறுக்கமாக இருந்தது.

சொல்லாதே என்று அவன் சொல்லியிருந்தான். ஆனால் அப்போது இந்தச் சங்கதி தெரியாது. சொன்னால் என் வேலை போகலாம். சொல்லாவிட்டால் அவன் நாளை ஓட்டுவதற்கே அர்த்தம் இல்லை. இதைத் தராசில் போட்டுப் பார்க்க எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கடிகாரம் பார்க்கவில்லை. கொஞ்சம் அதிகம் என்று நினைக்கிறேன்.

அலுவலகத்துக்குப் போய் மூலப்படத்தைக் கொண்டு வந்து சூசைநாதனிடம் கொடுத்தேன். அவர் அதை வெயிலில் பிடித்து, திருப்பியும் பார்த்தார்.

"இதுல அம்பு இல்லையே."

"இல்ல, சார்."

"அப்ப யார் போட்டது?"

"நான், சார்."

"எந்த அதிகாரத்துல?"

"எடம் காலியா இருந்துச்சி, சார்."

சூசைநாதன் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, விதிப்புத்தகத்தைத் திறந்தார். பிறகு மூடினார். "சான்றிதழ் சர்வேயர் கையெழுத்து போட்ட பிளானுக்கு. எழுத்தர் போட்ட அம்புக்கு இல்ல. சர்வேயர் திசை சொல்லலன்னா, திசையை அதிகாரி முடிவு பண்ணலாம்." சான்றிதழின் பின்பக்கத்தில் 'வலம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஐயா என் பக்கம் வந்தார். குரலை உயர்த்தவில்லை. "மெட்ராஸ்காரன் போட்டான், படிச்சவன் போட்டான்னு ஊரு பூரா சொல்லி வெச்சிருக்கேனேடா."

"ஆமாங்கய்யா."

"இனிமே நீ படம் வரைய வேணாம். போர்டு நடு. அது போதும்."

வரப்பிலிருந்து விருத்தாம்பாள் இறங்கி வந்தார். "நீயாடா போட்ட? ஏம்பலத்தான் புள்ள தானே நீ? எத வெச்சிடா இடமான்னு போட்ட?"

சொன்னேன்.

"உங்க களத்துல ரெண்டு வருஷம் அந்த மாட்ட ஓட்டினதே நான்தான்டா!" என்றார். அவருக்கு அது பிடித்திருந்தது போலத் தெரிந்தது. உடனே முகத்தை மாற்றிக்கொண்டார். "மாடு சுத்தலாம். அதுக்கு இன்னா தெரியும்? மனுசன் சுத்தக்கூடாது."

ஷரீப் போகும்போது என் தோளில் ஒரு தட்டு தட்டினான். வலித்தது.

16 மார்ச், ஞாயிறு

பந்தயம் காலை ஒன்பதேகாலுக்குத் தொடங்கியது. நான் மூன்றாம் வளைவில், பலகைகளுக்குப் பக்கத்தில் நின்றேன். கையில் மஞ்சள் கொடி. ஜொஹரா பீவி டிராக்டர் டிரெய்லரில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். விருத்தாம்பாளும் மற்றவர்களும் சொன்னபடி வந்து, ஒவ்வொரு வண்டிக்கும் கைதட்டினார்கள். கடைசியில் வந்தவனுக்கும் அதே அளவு.

ஷரீப் ஐந்தாவதாகக் கிளம்பி, இரண்டாம் சுற்றில் நான்காவது, ஐந்தாம் சுற்றில் மூன்றாவது. நன்றாக ஓட்டினான். எனக்குச் சரியாக மதிப்பிடத் தெரியாது, ஆனால் மற்றவர்கள் பலகையில் நூறு என்று பார்த்ததும் நிமிர்ந்து பிரேக் பிடித்தார்கள். அவன் ஐம்பது வரைக்கும் குனிந்தே வந்தான்.

எட்டாம் சுற்றிலிருந்து கோணிப்பையில் புகை வந்தது. நேர்பாதையில் அவன் வலது காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டினான். இருந்தும் மூன்றாவதாகவே இருந்தான். நான்காவது ஆள் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தான்.

பத்தாம் சுற்றில் பனைமரத்தடிக்கு வந்தான். ஆக்ஸிலேட்டரை விட வேண்டிய இடம். முறுக்கினான்.

நான் பார்த்தேன். பயத்தில் முறுக்கியதில்லை, வீம்பிலும் இல்லை. ஜனவரியிலிருந்து அந்த மரத்தடியில் அந்தக் கை செய்து பழகியதைச் செய்தது. வண்டி நேராக வைக்கோல் கட்டுகளுக்குள் போனது. நான் கொடியை ஆட்டினேன். ஆட்டிக்கொண்டே இருந்தேன், அவன் எழுந்து, வண்டியைத் தூக்கி, ஓடித் தள்ளி, ஏறிப்போன பிறகும் கூட. மூன்று பேர் தாண்டிப் போயிருந்தார்கள். மீதி இரண்டு சுற்றில் ஒருவனைப் பிடித்தான்.

ஐந்தாவது. நான்காவது ஆளுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு வண்டி நீளம்.

சூசைநாதன் முடிவுகளைக் கார்பன் வைத்து எழுதி, மூன்று பிரதிகளிலும் முத்திரை குத்தினார். செல்லும் என்றார். நான் சொன்ன உண்மையால் நான்கு பேருக்கு உரிமம் கிடைத்திருக்கிறது. அந்த நான்கு பேரில் எனக்கு ஒருவரையும் தெரியாது.

ஷரீப்பின் தொடையில் உள்ளங்கை அளவு கொப்புளம். டிரெய்லருக்குப் பக்கத்தில் உட்கார வைத்து ஜொஹரா பீவி மருந்து போட்டார்.

"அஞ்சாவது கெட்ட எடம் இல்லம்மா" என்றான் ஷரீப்.

"நல்ல எடம்தாம்பா. யாரு இல்லன்னா?" மருந்தை மூடினார். "ஆனா நாலுன்னு பேசினோம்."

"ஆமா. பேசினோம்."

அவர் குடையோடு தள்ளிப் போனதும் நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்ல ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். சொல்லும்போது அதில் வினைச்சொல் விட்டுப்போயிற்று.

"வுடுடா" என்றான். "அம்பு போட்டது நீ. மரத்தடியில முறுக்கினது நான். ரெண்டையும் ஒண்ணா கட்டாத."

"அடுத்த வருஷமும் பந்தயம் வெக்கறேன்னு ஐயா சொன்னாரு. வலமாத்தான்."

"காரைக்கால்ல ஞாயித்துக்கெழம கடை லீவு." கொஞ்ச நேரம் தொடையை ஊதிக்கொண்டிருந்தான். "வண்டிய வூட்டுல வெச்சா எங்க அம்மா வித்துடுவாங்க. உங்கிட்ட இருக்கட்டும். உனக்கு ஓட்டத் தெரியாது, அதான் உங்கிட்ட குடுக்கறேன்."

வண்டியை ஏம்பலம் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தேன். இரண்டு இடத்தில் நின்றேன். அதற்கு ஓட்டியே வந்திருக்கலாம் என்று வழியில் நான்கு பேர் சொன்னார்கள்.

நாளை, திங்கள்: காலையில் டாங்கிலிருந்து பெட்ரோலை வடிக்க வேண்டும். செயினைக் கழற்றி எண்ணெயில் போட வேண்டும். சக்கரங்கள் தரையில் படாமல் இருக்க இரண்டு மரக்கட்டை அறுக்க வேண்டும். பின்கட்டு அறையில் உர மூட்டைகளை வடக்குச் சுவருக்கு நகர்த்தி இடம் பண்ண வேண்டும். வண்டியின் நீளம் ஆறடி, அறையின் அகலம் இன்னும் அளக்கவில்லை.